தாத்தாவின் மோரிஸுக்கு ஒரு கண்ணாடி

போன வருடப் பள்ளி விடுமுறையில் நடந்தது இது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போகும் பழைய சாலையில் அப்பா காரை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். பின்னிருக்கையில் என் ஏழு வயது மகள். முன்னால் கல் ஏற்றிய லாரி. அந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல் மலைகள் இருப்பதால் கல் லாரிக்கும் பஞ்சமில்லை. லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு சின்னக் கல் தெறித்து வந்து முன்கண்ணாடியில் பட்டது.

“டப்புனு ஒரு சத்தம்தாம்மா. அடுத்த நொடி பால் ஊத்தின மாதிரி மொத்தக் கண்ணாடியும் வெள்ளையாயிடுச்சி. ரோடே தெரியல” என்றார் அப்பா.

அவர் காலத்து ஓட்டுநர்களுக்கு ஒரு வித்தை தெரியும். கண்ணாடி வெள்ளையானால் முஷ்டியால் குத்தி ஓர் ஓட்டை போட்டு, அதன் வழியாகப் பார்த்தபடி காரை ஓரங்கட்ட வேண்டும். அப்பாவும் அதைத்தான் செய்தார். கையில் நான்கு தையல். என் மகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மடியில் கொட்டிய கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிப் பென்சில் பெட்டியில் போட்டுக்கொண்டு, “அம்மா, வைரம்!” என்று என்னிடம் காட்டினாள்.

நான் வைரத்தைப் பார்க்கும் மனநிலையில் இல்லை. அப்பாவிடம் கத்தினேன். “இனிமே பிள்ளைய இந்தத் தகர டப்பாவுல ஏத்தாதீங்கப்பா. காருக்கும் வயசாச்சி, உங்களுக்கும் கண்ணு சரியில்ல.”

அப்பா பதில் சொல்லவில்லை. காரை வீட்டுக்கு இழுத்து வந்து, மேலே ஒரு கான்வாஸ் துணியைப் போட்டு மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கண் சரியில்லை என்று நான் சொன்னதற்கும் ஒரு காரணம் இருந்தது. இரண்டு வருடமாகவே மாலை ஆறு மணிக்கு மேல் அவர் காரை எடுப்பதில்லை. எதிரே வரும் வண்டிகளின் விளக்கு கண்ணைக் கூசுகிறது என்பார். “டாக்டர பாருங்க” என்று அம்மா சொன்னால் பேச்சை மாற்றுவார். கார் ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிடுவாரோ என்ற பயம் அவருக்கு. எனக்கும் அது தெரியும். தெரிந்தேதான் அந்த வார்த்தையை விட்டேன்.

கிராணி வீட்டுக் கார்

அது மோரிஸ் மைனர் 1000. தோட்டத்தில் கிராணியாக இருந்த தாத்தா, சேமித்த பணத்தில் பழைய காராக வாங்கியது. பேராக் மாநிலத்து ‘ஏ’ எண் பட்டை இன்னும் அப்படியே இருக்கிறது. அப்பா ஓட்டக் கற்றதும், அம்மாவைக் கல்யாணம் செய்து அழைத்து வந்ததும் அதில்தான். நான் பிறந்து ஈப்போ மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அதில்தான்.

மோரிஸ் மைனர் முதன்முதலில் 1948இல் வந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரை உருவாக்கியவரும் அவரே. பத்து லட்சம் கார்கள் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் இதுதான். 1970களின் தொடக்கத்தில் தயாரிப்பு நின்றபோது எண்ணிக்கை பதினாறு லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆரம்பத்தில் வந்த மைனரின் முன்கண்ணாடி நடுவில் ஒரு தடுப்புடன் இரண்டு தட்டையான துண்டுகளாக இருந்தது. 1956இல் வந்த மைனர் 1000இல் அதை மாற்றி, வளைந்த ஒரே கண்ணாடியாகப் பொருத்தினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வெறும் பொது அறிவாகத்தான் தெரிந்தது. தட்டையா, வளைவா என்ற அந்த ஒரே வித்தியாசம் என்னை மூன்று மாதம் அலையவிடும் என்று அப்போது தெரியாது.

இரண்டு வாரம் கழித்து அம்மா தொலைபேசியில் பேசினார். “அப்பா சந்தைக்கு வெயில்ல நடந்து போறாரும்மா. கோயிலுக்கு பஸ்ல போறாரு. தம்பி கார எடுத்துக்குங்கன்னு சொன்னாலும் வேணாங்கிறாரு. அந்தக் கான்வாஸ் துணிய தொடவே இல்ல.”

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பேசியது நான். சரிசெய்ய வேண்டியதும் நான்தான். ஒரு கண்ணாடிதானே, வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

“தாடா லா, மிஸ்!”

கோலாலம்பூரில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கார் கண்ணாடிக் கடைக்கு முதலில் போனேன். கடைக்காரர் கணினியில் தேடிவிட்டுச் சிரித்தார். “மோரிஸ்? தாடா லா, மிஸ். இத்து கெரேத்தா ஸாமான் டத்தோக் சாயா!”

அவருடைய தாத்தா காலத்துக் காராம். எனக்கும் அதே கதைதான் அங்கிள் என்றேன்.

அடுத்து ரவாங் பக்கம் உள்ள ‘ஹாஃப் கட்’ கடைகள். ஜப்பானில் ஓடிய கார்களைப் பாதியாக வெட்டி இங்கே கொண்டுவந்து, இயந்திரம், கதவு, விளக்கு என்று பிரித்து விற்பார்கள். மலைபோல் குவிந்து கிடக்கும் இரும்புக்கு நடுவில் நான் போய் நின்றதும், “புருஷன் வரலையா?” என்று கேட்டார் ஒருவர். வரவில்லை, நான்தான் வந்திருக்கிறேன் என்றேன். என்ன கார் என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டு, இங்கிலாந்துக் கார் ஜப்பானிலிருந்து எப்படி வரும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஆனால் கிளம்பும்போது அவர் சொன்ன ஒரு வார்த்தை என்னோடு வந்தது. “கதவு நசுங்கினா தட்டி நிமித்தலாம். இன்ஜின் தேஞ்சா கடைஞ்சி எடுக்கலாம். சீட்டு கிழிஞ்சா தைக்கலாம். கண்ணாடிக்கு மட்டும் வைத்தியம் கிடையாது தங்கச்சி. அத தேடித்தான் ஆவணும்.”

பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்த உண்மையில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலோர் கண்ணாடி உடைந்த பிறகுதான் முட்டிக்கொள்கிறார்கள். நாங்களும் அப்படித்தான்.

மூன்றாவதாக ஈப்போவில் ஒரு பழைய கண்ணாடிப் பட்டறை. வீட்டு ஜன்னல், மீன் தொட்டி, கார் கண்ணாடி என்று எல்லாம் செய்யும் கடை. அங்கிருந்த சீனப் பெரியவர்தான் எனக்கு முதல் பாடம் எடுத்தார்.

கார் கண்ணாடியில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று டெம்பர்ட் எனப்படும் கடினமாக்கிய கண்ணாடி. கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றை அடித்துச் சட்டென்று குளிர வைப்பார்கள். வெளிப்பகுதி முதலில் இறுகிவிடும். உள்பகுதி பிறகு சுருங்கும்போது வெளிப்பகுதியைப் பிடித்து இழுக்கும். இந்த இழுபறிதான் அதன் பலம். ஆனால் எங்கேயாவது ஓர் இடத்தில் ஆழமாக அடிபட்டால் இழுபறி மொத்தமும் ஒரே நொடியில் அவிழ்ந்து, முழுக் கண்ணாடியும் கற்கண்டு போல நொறுங்கிவிடும். துண்டுகள் மழுங்கலாக இருப்பதால் பெரிய வெட்டுக்காயம் வராது. என் மகள் பொறுக்கிய வைரம் அதுதான். 1960களில் பல பிரிட்டிஷ் கார்களுக்கு முன்கண்ணாடியே இந்த வகைதான்.

இன்னொன்று லேமினேட்டட். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. கல் பட்டால் விரிசல் விழும். ஆனால் கண்ணாடி இடத்தை விட்டு விழாது, பார்வையும் மறையாது. இன்றைய கார்களின் முன்கண்ணாடி இதுதான்.

“உங்க கார் கண்ணாடி தட்டையா இருந்தா இன்னிக்கே குடுத்திருப்பேன்” என்றார் பெரியவர். தட்டையான கண்ணாடி என்றால் அட்டையில் அளவெடுத்து, லேமினேட்டட் பலகையிலிருந்து வெட்டி, ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்துவிடலாம். பழைய லேண்ட்ரோவர், தொடக்க கால மைனர், பல பழைய கார்களின் கதவுக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் இந்த வழி உண்டு. டெம்பர்ட் வேண்டுமென்றால் முதலில் வெட்டிவிட்டுப் பிறகுதான் சூடாக்க வேண்டும். சூடாக்கிய பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது, நொறுங்கிவிடும்.

வளைந்த கண்ணாடிக்கு அச்சு வேண்டும். இரும்புச் சட்டத்தின்மேல் கண்ணாடியை வைத்துச் சூடேற்றி, அது தன் எடையிலேயே தொய்ந்து வளையும்படி செய்ய வேண்டும். ஒரே ஒரு கண்ணாடிக்காக யாரும் அச்சு செய்ய மாட்டார்கள். செய்தால் அதற்கு ஆகும் செலவில் இன்னொரு மோரிஸே வாங்கிவிடலாம் என்றார்.

“அப்ப என்ன செய்றது அங்கிள்?”

“இதே கார் வச்சிருக்கிறவங்கள தேடு. கண்ணாடி அவங்ககிட்டதான் இருக்கும்.”

பதினொரு அழைப்புகள்

அடுத்த வாரம் காலை நிகழ்ச்சியில் இரண்டு பாடல்களுக்கு நடுவில் கேட்டுவிட்டேன். “நேயர்களே, மோரிஸ் மைனர் முன்கண்ணாடி யாரிடமாவது இருக்கிறதா?” வேடிக்கையாகத்தான் கேட்டேன். பதினொரு அழைப்புகள் வந்தன.

மூன்று பேர் தங்கள் அப்பா வைத்திருந்த மோரிஸைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டார்கள். ஒருவர் முழுக் காரையும் விற்க வந்தார். இன்னொருவர் அக்ரிலிக் பலகையை வளைத்துப் போடச் சொன்னார். இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அக்ரிலிக் மிருதுவானது. வைப்பர் நாலு நாள் தேய்த்தால் கீறல் விழுந்து, மழையில் முன்னால் எதுவும் தெரியாது. பந்தயக் காருக்குச் சரி, பிள்ளைகளை ஏற்றிப் போகும் காருக்கு ஆகாது.

ஒரு தம்பி தன் அப்பாவின் முதல் சாகாவுக்குப் பின்கண்ணாடி தேடிக்கொண்டிருந்தார். 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவும் நாற்பது வயதைத் தொட்டுவிட்டது. அது மிட்சுபிஷி லான்சர் பியோரே காரை ஒட்டிச் செய்தது. அந்தப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள் என்றேன். எந்தக் கார் எந்தக் காரோடு உடம்பைப் பகிர்ந்துகொண்டது என்று தெரிந்து வைத்திருப்பதே இந்தத் தேடலில் பாதி வேலை.

உருப்படியாக வந்தவை இரண்டு அழைப்புகள். கிள்ளானிலிருந்து ஓர் அண்ணன். இங்கிலாந்தில் மைனருக்கு இன்னும் புதிதாக லேமினேட்டட் கண்ணாடி செய்கிறார்கள், நான்கு பேர் சேர்ந்தால் ஒரே மரப்பெட்டியில் கப்பலில் வரவழைக்கலாம், மூன்று பேர் இருக்கிறோம் என்றார். இன்னொன்று தைப்பிங்கிலிருந்து ஒரு பெரியவர். “எங்கிட்ட ஒண்ணு இருக்கும்மா. ஒரிஜினல். பிரிக்கவே இல்ல.”

ஒரிஜினல் என்றதும் எனக்கு அப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. திருகாணியைக்கூட மாற்றாமல் வைத்திருப்பவர் அவர். சனிக்கிழமை சுங்கை சிப்புட் போய், “ஒரு இடத்துக்குப் போகணும்ப்பா, வாங்க” என்று என் காரில் ஏற்றிக்கொண்டேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. விபத்துக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சே அவ்வளவுதான்.

அலமாரிக்குப் பின்னால்

தைப்பிங்கில் வழக்கம்போல மழை. பெரியவர் அலமாரியை நகர்த்தி, அதன் பின்னால் போர்வை சுற்றி நிறுத்தி வைத்திருந்த கண்ணாடியை எடுத்தார். கண்ணாடியைப் படுக்க வைக்கக்கூடாது, எப்போதும் விளிம்பில் நிறுத்தித்தான் வைக்க வேண்டும், தூக்கிப் போவதும் அப்படித்தான் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அவருடைய மோரிஸ் எப்போதோ கைமாறிப் போய்விட்டது. கண்ணாடியை மட்டும் கொடுக்க மனம் வரவில்லையாம்.

மூலையில் டிரிப்ளெக்ஸ் என்ற முத்திரை. எழுத்துகளை ஒட்டிச் சின்னச் சின்னப் புள்ளிகள். கண்ணாடி எந்த ஆண்டு செய்தது என்பதை அந்தப் புள்ளிகளில்தான் குறித்து வைப்பார்கள். அப்பா குனிந்து விரலால் புள்ளிகளைத் தடவிப் பார்த்தார். விபத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் முகத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். பெரியவரும் அப்பாவும் அரை மணி நேரம் மோரிஸின் கியர், கார்புரேட்டர் என்று பேசினார்கள். விலையும் சொன்னார். அதிகம்தான். நான் கைப்பையைத் திறந்தேன்.

அப்போது அப்பா கேட்டார். “ஐயா, இதுவும் ஒடஞ்சா அதே மாதிரி வெள்ளையாயிடும்தான?”

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஆமா. இதுவும் அதே கண்ணாடிதான்.”

“அப்ப வேணாங்கய்யா. தப்பா எடுத்துக்காதீங்க. பேத்திய வச்சிக்கிட்டு இன்னொரு தடவ கையால குத்த என்னால முடியாது.”

எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரிஜினல்தான் வேண்டும் என்பார் என்று நான்தான் முடிவு கட்டியிருந்தேன். அந்தச் சாலையில், ஒன்றுமே தெரியாத அந்த வெள்ளைக்குப் பின்னால், பின்னிருக்கையில் பிள்ளை இருக்கிறாள் என்ற நினைப்போடு அவர் எப்படி இருந்திருப்பார் என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. தேத்தண்ணி கொடுத்தார். கிளம்பும்போது ஒரு புத்திமதியும் சொன்னார். “கண்ணாடி வர்றதுக்கு முன்னாடி அது உக்கார்ற சட்டத்த பாருங்க. ரப்பருக்கு அடியில துரு இருக்கும். துருப்பிடிச்ச சட்டத்துல எந்தக் கண்ணாடியும் நிக்காது.”

அன்று இரவே கிள்ளான் அண்ணனுக்கு அழைத்து, நான்காவது ஆள் நாங்கள் என்றேன்.

உடைந்தும் சிதறாத குடுவை

லேமினேட்டட் கண்ணாடி பிறந்த கதை ஒன்று உண்டு. 1903இல் எதுவார் பெனெதிக்துஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளரின் கையிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. உடைந்தது, ஆனால் சிதறவில்லை. முன்பு அதில் இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் காய்ந்து உட்புறத்தில் ஒரு படலமாக ஒட்டியிருந்தது. அந்தப் படலம்தான் துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. கார் விபத்துகளில் கண்ணாடி கிழித்து மக்கள் காயப்படுவதைப் படித்தபோது அவருக்கு அந்தக் குடுவை நினைவுக்கு வந்ததாம். 1909இல் காப்புரிமை எடுத்தார். இன்று நம் எல்லோருடைய காரிலும் அந்தக் குடுவையின் வாரிசுதான் இருக்கிறது.

இங்கிலாந்துப் பெட்டி வரும்வரை சும்மா இருக்கவில்லை. அப்பாவே கான்வாஸைக் கழற்றினார். பழைய ரப்பரை உரித்ததும் தைப்பிங் பெரியவர் சொன்னது சரியாக இருந்தது. கீழ் மூலையில் தகரம் பிஸ்கட் மாதிரி ஆகியிருந்தது. விரல் வைத்தால் உள்ளே போனது. மழைக்காலத்தில் கால்மிதியில் தண்ணீர் தேங்கியதற்குக் காரணம் இப்போதுதான் புரிந்தது. எங்கள் ஊர்ப் பட்டறைத் தம்பி துருவை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்து வெல்டிங் அடித்து, துருத்தடுப்புச் சாயம் பூசிக் கொடுத்தார்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கண்ணாடியின் விலையைவிட அது வந்து சேரும் செலவுதான் அதிகம். கண்ணாடி என்றாலே பல கூரியர் நிறுவனங்கள் காப்புறுதி தருவதில்லை. நான்கு பேர் ஒரே பெட்டியில் வாங்கியதால்தான் எங்களுக்குக் கட்டுப்படியானது. காரின் காப்புறுதியும் கைகொடுக்கவில்லை. முன்கண்ணாடிக்கான காப்பு, முழுக் காப்புறுதியோடு நாம் தனியாகப் பணம் கட்டிச் சேர்ப்பது. இவ்வளவு பழைய கார்களுக்குப் பெரும்பாலும் மூன்றாம் தரப்புக் காப்புறுதிதான் கிடைக்கும்.

கயிறும் சோப்புத் தண்ணியும்

மூன்று மாதம் கழித்துப் பெட்டி வந்தது. நான்கு கண்ணாடியும் முழுசாக இருந்தன. கிள்ளான் அண்ணன் வீட்டு வாசலில் நான்கு குடும்பமும் பெட்டியைச் சுற்றி நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆணி பிடுங்கியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

இன்றைய கார்களில் முன்கண்ணாடியைப் பசை வைத்து ஒட்டுகிறார்கள். பழைய கார்களில் ரப்பர்தான். கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, அதன் வெளிப்பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றிலும் வைப்பார்கள். சட்டத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து கண்ணாடியை உள்ளங்கையால் தட்டிக்கொடுக்க, இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து கயிற்றை மெல்ல இழுப்பார். கயிறு வர வர ரப்பரின் உதடு சட்டத்தைத் தாண்டி உள்ளே வந்து உட்காரும்.

கேட்க எளிது. ஆனால் லேமினேட்டட் கண்ணாடி கொஞ்சமும் வளைந்து கொடுக்காது. ஒரு மூலை உட்காரவில்லை என்று அழுத்தினால் ‘டிக்’ என்று விரிசல் ஓடிவிடும். எங்களுக்கும் வெல்டிங் அடித்த அந்தக் கீழ் மூலை உட்கார மறுத்தது. தம்பி இன்னும் கொஞ்சம் தட்டலாமா என்று யோசித்தார். கயிற்றைப் பிடித்து உள்ளே உட்கார்ந்திருந்த அப்பா சொன்னார். “வேணாம் தம்பி. கழட்டிடு. அவசரம் இல்ல.”

கழற்றிப் பார்த்தால், வெல்டிங்கில் ஒரு மேடு. அரிசி அளவுதான் இருக்கும். அதைத் தேய்த்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார்கள். இரண்டாவது முறை மூலை தானாகப் போய் உட்கார்ந்தது. ஒரு தட்டுகூடத் தேவைப்படவில்லை.

கண்ணும் கண்ணாடியும்

வேலை முடியும்போது மாலை ஆறரை ஆகிவிட்டது. நான் ஓட்டி வருகிறேன் என்று சாவிக்குக் கை நீட்டினேன். அப்பா கொடுக்கவில்லை. அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே விளக்குப் போட்ட கார்கள் வரத் தொடங்கின. எனக்கு உள்ளுக்குள் உதறல். அப்பா ஒன்றும் பேசாமல் ஓட்டினார். கொஞ்ச தூரம் போனதும் காரை ஓரமாக நிறுத்தினார்.

“என்னாச்சுப்பா?”

அவர் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். “விளக்கு கூசலம்மா” என்றார். பிறகு, “இத்தன நாளா என் கண்ணுதான் கெட்டுப் போச்சுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். கண்ணு இல்லம்மா. கண்ணாடிதான்.”

அரை நூற்றாண்டுக்கும் மேலாக வைப்பர் தேய்த்த கீறலும், சாலைப் புழுதி அடித்த பொடிப்பொடிப் பள்ளங்களும் பழைய கண்ணாடியில் நிறைந்திருந்தன. பகலில் தெரியாது. இருட்டத் தொடங்கி எதிரே விளக்கு வந்தால், ஒவ்வொரு கீறலும் அந்த வெளிச்சத்தைச் சிதறடிக்கும். தினமும் பார்ப்பதால் மெல்ல மெல்ல மங்கியது யாருக்கும் தெரியவில்லை. பழி வயதின்மேல் விழுந்தது. அந்தப் பழியைப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

“அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதுப்பா” என்றேன்.

“கண்ணாடி மாத்தியாச்சில்ல, விடு” என்றார்.

அடுத்த வாரம் அவராகவே கண் மருத்துவரைப் பார்க்கப் போனார். பயம் போய்விட்டது போலும். ஒரு கண்ணில் லேசாகப் புரை ஆரம்பித்திருக்கிறது, இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள். ஆக, கண்ணையும் பார்க்க வேண்டும், கண்ணாடியையும் பார்க்க வேண்டும். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விட்டுவிடக்கூடாது.

வீட்டில் பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு, எனக்கு யாரும் முன்பே சொல்லாத சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். இன்றே உங்கள் கார் கண்ணாடியின் மூலையில் இருக்கும் முத்திரையைப் படம் எடுத்து வையுங்கள். அது டெம்பர்டா லேமினேட்டட்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முன்கண்ணாடி டெம்பர்ட் என்றால், உடையும்வரை காத்திருக்காமல் மாற்ற வழி தேடுங்கள். லேமினேட்டட் கண்ணாடியில் சின்னக் கல்லடி பட்டால் உடனே பிசின் ஊற்றி அடைத்துவிடலாம். விட்டால் விரிசல் ஓடும். அதே கார் வைத்திருக்கும் நான்கு பேரின் தொலைபேசி எண் உங்களிடம் இருக்கட்டும். மாலையில் ஓட்டக் கூசுகிறது என்று பெரியவர்கள் சொன்னால், அவர்களைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அப்படியே அவர்கள் காரின் கண்ணாடியையும் வெயிலுக்கு நேராக ஒருமுறை பாருங்கள்.

2023 பிப்ரவரி 10 முதல் தனியார் கார்களில் சாலை வரி வில்லையை ஒட்டி வைக்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. புதுக் கண்ணாடி பளிச்சென்று இருக்கட்டுமே, ஒட்டாதீர்கள் என்றேன். அப்பா கேட்கவில்லை. “ஒட்டினாத்தாம்மா ஓடுற கார் மாதிரி இருக்கு” என்று பழைய இடத்திலேயே ஒட்டிவிட்டார்.

இந்த விடுமுறையிலும் மகள் தாத்தா வீட்டில்தான் இருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பையை நானே மோரிஸின் பின்னிருக்கையில் வைத்தேன். பென்சில் பெட்டியில் பழைய வைரங்கள் இன்னும் இருக்கின்றன. காரில் ஏறியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, “தாத்தா, இது ஒடஞ்சா வைரம் வருமா?”

“வராது பாப்பா. இது ஒடஞ்சாலும் விழாது” என்றபடி அப்பா காரைக் கிளப்பினார்.